கக்கன்: வில்பட்டியிலிருந்து சில குறிப்புகள்

டிசம்பர் 23, முன்னாள் அமைச்சர் கக்கன் மறைந்த நாள். 1981-இல், தம் 73-ஆம் வயதில் காலமானார். அவரைப் பற்றிக் கேட்டது, படித்தது, யோசித்தது என்று ஒரு நோட்டில் அவ்வப்போது எழுதி வைத்ததில் சிலவற்றை இங்கே தருகிறேன். வரிசை பார்க்கவில்லை.

*

மேலூர்ப் பக்கத்துத் தும்பைப்பட்டிக்காரரான கக்கனுக்கும் பழனி மலைமேல் இருக்கும் வில்பட்டிக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். 1985 செப்டம்பரில் திண்டுக்கல் தனி மாவட்டமாகப் பிரியும்வரை நாங்களும் மதுரை மாவட்டம்தான். கோர்ட்டு, கலெக்டர் ஆபீஸ், பெரியாஸ்பத்திரி, எதுவானாலும் மலையிறங்கி மதுரைக்குத்தான் போயாக வேண்டும். மதுரை மாவட்டத்திலிருந்து ஒருவர் மந்திரியானால் அவர் எங்கள் ஊர் மந்திரி. எங்கள் பெரியவர்கள் கக்கனை அந்த உரிமையோடுதான் பேசினார்கள். பெயருக்கு முன்னால் ஒரு பட்டமும் போட மாட்டார்கள். 'கக்கன்' என்பார்கள், குரலில் மரியாதை இருக்கும்.

*

எங்கள் பக்கம் ஒரு கட்சிக்காரர் இறந்துவிட்டால், மதியத்துக்குள் பஸ் நிற்கும் இடத்தில் ஒரு மேசை போட்டு, அதில் படம் வைத்து, சாமந்தி மாலை சார்த்தி, ஊதுபத்தி கொளுத்தி விடுவார்கள். கொடியை அரைக்கம்பத்துக்கு இறக்குவார்கள். எதிர்க்கட்சிக்காரரும் வந்து பூப்போட்டுக் கும்பிட்டுவிட்டுப் போவார். அந்த ஒரு நாள் யாரும் கட்சி பார்ப்பதில்லை. இது நல்ல வழக்கம், நீடிக்க வேண்டும்.

எனக்குக் குறையாகப் படுவது சுவரொட்டியில் உள்ள வார்த்தைகள்தான். எளிமையின் சிகரம், ஏழைகளின் தோழர், தன்னலமற்ற தொண்டர். பெயரையும் படத்தையும் மாற்றினால் அடுத்தவருக்கும் அப்படியே பொருந்தும். ஐம்பது வருஷம் ஊருக்கு உழைத்தவருக்கு எல்லாருக்கும் பொருந்துகிற நாலு சொல்தானா? மார்கழிப் பனியில் மைதாப் பசை காயவே காயாது. இரண்டு நாளில் மேல்முனை உரிந்து, படம் மடங்கித் தொங்கும். அவர் போட வைத்த ரோடு எது, கொண்டுவந்த பள்ளிக்கூடம் எது, எந்தச் சண்டையில் யார் பக்கம் நின்றார் என்று ஒருவரும் எழுதி வைக்காததால், சுவரொட்டி உரிந்ததும் அவரும் போய்விடுகிறார்.

கக்கனைப் பற்றி நான் எழுதி வைக்கத் தொடங்கியதற்கு இதுதான் காரணம்.

*

முதலில் வெறும் விவரங்கள். பிறப்பு 1908 ஜூன் 18. தந்தை ஊர்க்கோயில் பூசாரி. விடுதலைப் போராட்டத்தில் சேர்ந்து, 1942 'வெள்ளையனே வெளியேறு' போராட்டத்தில் சிறை சென்றார். அலிப்பூர்ச் சிறைவரை கொண்டுபோனார்கள். பிறகு அரசியல் நிர்ணய சபை உறுப்பினர். 1952-இல் மதுரையிலிருந்து மக்களவைக்கு. காமராஜர் 1954-இல் முதலமைச்சரானதும் தமிழ்நாடு காங்கிரஸ் தலைவர் பொறுப்பு கக்கனிடம் வந்தது. 1957-இல் பொதுப்பணித்துறை அமைச்சர். 1962-இல் விவசாயம். 1963 அக்டோபரில் உள்துறை. 1967-இல் தோல்வி.

பத்து வரியில் முடிந்துவிட்டது. இந்த ஒவ்வொரு வரியையும் நிறுத்தி நிதானமாகப் பார்க்க வேண்டும். அரசியல் நிர்ணய சபையில் உட்கார்ந்தவர், தம் இளம்வயதில் பெரிய கோயில் எதற்குள்ளும் கால்வைக்க உரிமை இல்லாதவர். நாட்டுக்குச் சட்டம் எழுதும் சபைக்குள், பெரிய கோயிலுக்கு வெளியே நிறுத்தப்பட்டவர் போய் உட்கார்ந்தார். இதை எழுதாமல் 'எளிமையின் சிகரம்' என்று எழுதி என்ன பயன்?

*

1939 ஜூலை 8, மதுரை மீனாட்சியம்மன் கோயில்.

ஹரிஜன சேவா சங்கத் தலைவர்களில் ஒருவரான அ. வைத்தியநாதய்யர் முன்னால் போகிறார். கக்கன், முருகானந்தம், முத்து, சின்னையா, பூவலிங்கம் என்று தாழ்த்தப்பட்ட சமூகத்தைச் சேர்ந்த ஐந்து பேர் உடன் போகிறார்கள். சண்முக நாடாரும் போகிறார். அன்றைக்கு நாடார்களுக்கும் அங்கே அனுமதி கிடையாது. கோயில் நிர்வாக அதிகாரி ஆர்.எஸ். நாயுடு அவர்களை வரவேற்கிறார். உள்ளே போகிறார்கள், அம்மனைக் கும்பிடுகிறார்கள், வெளியே வருகிறார்கள். நடந்தது இவ்வளவுதான்.

அப்போது கக்கனுக்கு 31 வயது. அந்தக் கல்தளத்தில் முதன்முதலாகக் கால் வைத்தபோது மனசு எப்படி இருந்திருக்கும் என்று நான் பலமுறை நினைத்ததுண்டு. பயம் இருந்திருக்க வேண்டும். உள்ளே போக அவர்களுக்கு உரிமை உண்டு என்று சொல்ல அன்றைக்கு அங்கே ஒரு சட்டம்கூட இல்லை. அழைத்துப் போனவர்கள்மேல் வழக்கு வராமல் இருக்க, ராஜாஜி அரசு அதற்குப் பிறகுதான் அவசரச் சட்டம் போட்டது, பின் அதையே முழுச் சட்டமாக்கியது. பட்டர்களில் சிலர் கோயில் தீட்டுப்பட்டதாகச் சொல்லிப் பூசை செய்ய மறுத்தார்கள்.

வைத்தியநாதய்யரின் துணிச்சலைப் பற்றி நிறையப் பேசியிருக்கிறோம், பேச வேண்டியதுதான். ஆனால் கூட நடந்த ஐந்து பேர் எடுத்த ஆபத்து இன்னும் பெரிது. அய்யர் தம் சாதிக்காரர்களின் கோபத்தைச் சம்பாதித்தார். அந்த ஐந்து பேரும் அன்று சாயங்காலம் தங்கள் சேரிக்குத் திரும்பிப் போக வேண்டியவர்கள்.

*

வைத்தியநாதய்யர் 1955 பிப்ரவரியில் இறந்தார். அவர் வீட்டில் பிள்ளைபோல இருந்தவர் கக்கன். மகன்களோடு மகனாக நின்று கக்கனும் இறுதிக் கடன் செய்தார் என்று மதுரையில் இன்றும் சொல்வார்கள். பிராமணர் வீட்டுச் சாவில் தும்பைப்பட்டிப் பூசாரி மகன் பிள்ளையின் இடத்தில் நின்றது, பதினாறு வருஷத்துக்கு முன் கோயிலுக்குள் போனதைவிடப் பெரிய காரியமாக எனக்குத் தோன்றுகிறது. கோயில் நுழைவுக்குச் சட்டம் வந்து துணை நின்றது. வீட்டுச் சாவில் யார் கொள்ளி வைப்பது, யார் கூட நிற்பது என்பதற்குள் எந்தச் சட்டமும் வர முடியாது. அங்கே மனசு மாறினால்தான் உண்டு.

*

வில்பட்டி, மலையின் வடக்கு முகத்தில் இருக்கிறது. இங்கே பெய்யும் மழை பழனிப் பக்கம் இறங்கி, சண்முகநதி வழியாக அமராவதிக்குப் போகும். கொடைக்கானலைத் தாண்டித் தெற்கு விளிம்புக்குப் போனால் அது வேறு உலகம். பசுமைப் பள்ளத்தாக்கு முனையில், மேகம் விலகியிருக்கும் காலைவேளையில், கீழே சமவெளியில் ஒரு வெள்ளித் தகடு கிடப்பது தெரியும். அதுதான் வைகை அணை.

1959 ஜனவரி 21-இல் காமராஜர் அதைத் திறந்து வைத்தார். அப்போது பொதுப்பணித்துறை அமைச்சர் கக்கன். அணையின் உயரம் 111 அடி, 71 அடிவரை தண்ணீர் தேக்கலாம். மதுரைக்குக் குடிநீர் அங்கிருந்து போகிறது. வைகைப் பாசனத்துக்குத் தண்ணீர் அங்கிருந்து திறக்கிறார்கள்.

அணை கட்டியது ஒரு மனிதர் அல்ல. பொறியாளர்கள், கல் சுமந்தவர்கள், நிலம் கொடுத்தவர்கள், கையெழுத்துப் போட்ட அதிகாரிகள் என்று ஆயிரம் பேரின் வேலை அது. ஆனாலும் துறைக்குப் பொறுப்பாளர் என்று ஒருவர் இருந்தார். அத்தனை சிமென்ட்டும் கம்பியும் அவர் துறையின் கணக்கில் வாங்கப்பட்டன. பதவியை விட்டு இறங்கியபோது அவரிடம் சொந்தமாக ஒன்றும் இல்லை. இந்த இரண்டையும் சேர்த்துச் சொன்னால்தான் கக்கன் முழுசாக விளங்குவார். கையில் காசே புழங்காதவர் ஏழையாக இருப்பதில் ஆச்சரியம் இல்லை. அணை கட்டும் துறையை ஐந்து வருஷம் கையில் வைத்திருந்தவர் ஏழையாக இறங்கி வந்தார்.

*

டீக்கடையில் ஒரு பேச்சு. கேரட் லோடு ஏற்றிவிட்டு வந்த ஒரு பெரியவரும் பக்கத்தில் ஒரு கல்லூரிப் பையனும். பையன் செல்போனில் கக்கன் பற்றி ஏதோ வீடியோ பார்த்துக்கொண்டிருந்தான்.

"ஐயா, மந்திரியா இருந்தவரு தர்மாஸ்பத்திரில தரையில படுத்துக் கெடந்தாராமே, நெசமா?"

"நெசந்தான் தம்பி. அது அவரு பெருமையின்னு எல்லாரும் சொல்றாக. எனக்கு அப்படித் தோணல."

"பெறகு?"

"அது நம்ம ஊருக்கு அவமானம்."

அதற்குமேல் பெரியவர் பேசவில்லை. டம்ளரை வைத்துவிட்டுப் போய்விட்டார். கக்கனைப் பற்றி நான் கேட்டதிலேயே சரியான பேச்சு இதுதான்.

*

அந்தச் செய்தி இப்படி. 1980-இல் மதுரை அரசு மருத்துவமனையில், சிகிச்சையிலிருந்த அரசியல் தலைவர் மதுரை முத்துவைப் பார்க்க முதலமைச்சர் எம்.ஜி.ஆர். வந்தார். கக்கனும் அங்கே பொது வார்டில் இருக்கிறார் என்று தெரிந்து போய்ப் பார்த்தார். முன்னாள் உள்துறை அமைச்சர் சாதாரண நோயாளிகளோடு நோயாளியாகக் கிடந்தார். எம்.ஜி.ஆர். கலங்கிப்போய் அரசு உதவிக்கு ஏற்பாடு செய்தார்.

இந்தக் கதையைக் கண்ணில் நீர் வரச் சொல்கிறோம். சொல்லிவிட்டு ஏதோ கடமை முடிந்ததுபோல எழுந்து போகிறோம். எதிர்க்கட்சி முதலமைச்சர் தற்செயலாக அந்த வார்டுப் பக்கம் வந்திராவிட்டால் என்ன ஆகியிருக்கும்? அதுவரை அவர் கட்சி எங்கே போயிற்று, அவரால் தண்ணீர் வந்த ஊர்கள் எங்கே போயின? ஒரு தலைவரின் வறுமையை மெச்சுகிற சமுதாயம், அவரை அந்த வறுமையில் விட்டது யார் என்ற கேள்வியையும் கேட்டுக்கொள்ள வேண்டும்.

இன்னொன்றும் சேர்த்து எழுதுகிறேன். அரசு ஆஸ்பத்திரிப் பொது வார்டில் ஒரு மந்திரி படுப்பது நமக்கு ஏன் அதிர்ச்சியாக இருக்கிறது? வில்பட்டியிலிருந்தும் பூம்பாறையிலிருந்தும் போகிறவர்கள் அங்கேதான் படுக்கிறார்கள். அந்த வார்டு மந்திரிக்கு ஆகாது என்றால் எங்களுக்கு மட்டும் எப்படி ஆகும்? மந்திரிகள் எல்லாரும் அங்கே போய்ப் படுக்கும்படி அந்த வார்டு இருக்க வேண்டும். கக்கன் வாழ்க்கை தரும் பாடத்தை நான் இப்படித்தான் எடுத்துக்கொள்கிறேன்.

*

மூடி வைக்கக் கூடாத ஒரு பக்கமும் இருக்கிறது. 1965-இல் இந்தித் திணிப்பை எதிர்த்து மாணவர்கள் தெருவுக்கு வந்தபோது முதலமைச்சர் பக்தவத்சலம், உள்துறை அமைச்சர் கக்கன். போலீஸ் சுட்டது. சிதம்பரத்தில் அண்ணாமலைப் பல்கலைக்கழக மாணவர் ராஜேந்திரன் விழுந்தார். பொள்ளாச்சி உட்படப் பல ஊர்களில் உயிர்கள் போயின. அரசுக் கணக்கே எழுபதை ஒட்டி வந்தது. திருப்பூரில் இரண்டு போலீஸ் அதிகாரிகளைக் கூட்டம் எரித்துக் கொன்றது.

அந்தக் குண்டுகளுக்கு உள்துறை பொறுப்பு. கக்கன் நல்லவர் என்பதால் அந்தப் பொறுப்பு இல்லாமல் போகாது. அவர்மேல் எவ்வளவோ மரியாதை வைத்திருக்கிறேன், ஆனால் இந்தப் பத்தியை விட்டுவிட்டு எழுதினால் இறந்துபோன அந்தப் பிள்ளைகளுக்குத் துரோகம் செய்ததாகும். இறந்தவரைப் பற்றிக் குறை சொல்லக் கூடாது என்பது வீட்டுச் சாவுக்குப் பொருந்தும். ஊரை ஆண்டவர் கதை ஊருக்குச் சொந்தம். அதில் குறையும் நிறையும் சேர்ந்தே இருக்க வேண்டும்.

அதே உள்துறையில், 1964-இல், லஞ்ச ஒழிப்புத்துறை உருவானது. இன்றைக்கும் அரசு அலுவலகச் சுவர்களில் அதன் போன் நம்பரைப் பார்க்கிறோம். அதையும் எழுத வேண்டும்.

*

1967. மேலூர்ப் பகுதியில் தி.மு.க.வின் ஓ.பி. ராமனிடம் தோற்றார். அந்தத் தேர்தலில் விருதுநகரில் காமராஜரே தோற்றார். மக்கள் நன்றி கெட்டவர்கள் என்று சிலர் இன்றும் புலம்புவார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. அரிசிக்கு அலைந்த காலம் அது. பிள்ளைகள்மேல் குண்டு பாய்ந்த கோபம் ஆறாத காலம். ஓட்டுப் போட்டவர்கள் ஆட்சியைப் பார்த்துப் போட்டார்கள். நன்றிக்கடன் தீர்க்க ஓட்டுப் போட வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை.

ஆனால் ஓட்டுப் போடாமல் இருப்பது வேறு, மனிதரையே மறந்துவிடுவது வேறு. அவர் தோற்றதில் நம்மேல் தப்பில்லை. தோற்றபின் அவர் என்ன ஆனார் என்று யாரும் விசாரிக்காமல் விட்டதுதான் தப்பு.

*

மதுரையின் இன்னொருவர். என். நன்மாறன், மார்க்சிஸ்ட் கட்சி. 2001, 2006 இரண்டு முறை மதுரை கிழக்குத் தொகுதி எம்.எல்.ஏ. மேடையில் ஏறினால் கூட்டம் வயிறு வலிக்கச் சிரிக்கும், அப்படிச் சிரிக்க வைத்தே அரசியல் சொல்லிக் கொடுப்பார். 'மேடைக் கலைவாணர்' என்று அதனால்தான் சொன்னார்கள். கடைசிக் காலம்வரை வாடகை வீடு. அரசுக் குடியிருப்பில் ஒரு வீடு கேட்டுக் கலெக்டர் ஆபீசில் மனுக் கொடுக்கப் போனார். 2021 அக்டோபர் 28-இல் மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனையில் இறந்தார். அதே பெரியாஸ்பத்திரி.

கக்கனுக்குப் பின் நாற்பது வருஷம். கட்சி வேறு, கொள்கை வேறு, படுத்த ஆஸ்பத்திரி மட்டும் ஒன்று. அன்றும் கண்ணீர் அஞ்சலி எழுதினோம், அன்றும் 'எளிமை' என்றோம். நேர்மையாக இருந்தவரின் முதுமைக்கு ஒரு வழி செய்து வைக்காத ஊரில், அடுத்த தலைமுறைப் பையன் யாரைப் பார்த்து நேர்மையாக இருக்கத் துணிவான்?

*

விவசாய மந்திரியாக அவர் இருந்த காலத்தைப் பற்றி எங்கள் பக்கம் பேச்சு குறைவு. மலையில் விவசாயம் என்றால் பூண்டும் உருளைக்கிழங்கும் கேரட்டும். பூண்டு காய்ந்து மூட்டை கட்டினால் வடுகபட்டிச் சந்தை. 2019-இல் கொடைக்கானல் மலைப்பூண்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. பக்கத்து அட்டுவம்பட்டியில் இருக்கும் அன்னை தெரசா மகளிர் பல்கலைக்கழகம் அதற்கு உழைத்தது. பெயர் கிடைத்தாயிற்று, விலை நிற்கவில்லை. விவசாயத் துறையை வைத்திருக்கும் எவருக்கும் நாளை அஞ்சலி எழுதும்போது, விலைக்கு என்ன செய்தார் என்று ஒரு வரி இருக்க வேண்டும்.

*

கக்கன் பிறந்த மேலூர் வட்டாரத்திலேயே மேலவளவு இருக்கிறது. 1996 உள்ளாட்சித் தேர்தலில் அந்த ஊராட்சியின் தலைவர் பதவி தாழ்த்தப்பட்டோருக்கு ஒதுக்கப்பட்டது. நின்று வென்றவர் முருகேசன். 1997 ஜூன் 30 அன்று, மதுரைக் கலெக்டர் அலுவலகத்துக்குப் போய்விட்டு பஸ்ஸில் திரும்பியவரை வழிமறித்துக் கொன்றார்கள். அவரோடு ஐந்து பேர். ஊராட்சித் தலைவர் நாற்காலியில் உட்கார்ந்தார் என்பதற்காக.

முருகேசனும் உள்ளூர் அரசியல்வாதிதான். அவருக்கு எழுத வேண்டிய அஞ்சலி இன்னும் பாக்கி. பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம், கொட்டகச்சியேந்தல் என்று இதேபோல் ஒதுக்கப்பட்ட நாலு ஊராட்சிகளில் பத்து வருஷம் தலைவர் பதவியை நிரப்ப விடவில்லை. 2006-இல்தான் அங்கே தலைவர்கள் வந்து உட்கார முடிந்தது.

மீனாட்சி கோயில் வாசலை 1939-இல் தாண்டிய மனிதரின் சொந்த வட்டாரத்தில், 58 வருஷம் கழித்து ஒருவர் ஒரு நாற்காலிக்காக உயிர் கொடுத்தார். கக்கன் தொடங்கிய வேலை எங்கே நிற்கிறது என்பதற்கு இதைவிட என்ன அளவு வேண்டும்? 1999-இல் அவருக்குத் தபால்தலை வந்தது. தும்பைப்பட்டியில் மணிமண்டபம் இருக்கிறது. வேண்டியவைதான். ஆனால் மண்டபத்தில் மாலை போட்டுவிட்டு வெளியே வருகிறவர் மேலவளவு வழியாகவும் போய்வர வேண்டும்.

*

எங்கள் ஊர்ப் பக்கத்து இரங்கல் கூட்டங்களுக்கு ஒரு யோசனை. எந்தக் கட்சிக்காரர் இறந்தாலும், படத்திறப்பு அன்று பேசுகிறவர்களுக்கு நாலு கேள்வி கொடுக்கலாம். என்ன செய்தார்? எதை வேண்டாம் என்று மறுத்தார்? எங்கே தவறினார்? எதை முடிக்காமல் விட்டுப்போனார்? நாலுக்கும் பதிலை ஒரு தாளில் எழுதி, இறந்தவரின் வீட்டுக்கு ஒரு பிரதியும் ஊராட்சி அலுவலகத்துக்கு ஒரு பிரதியும் கொடுத்துவிட வேண்டும். பத்து வருஷத்தில் ஊருக்கு ஒரு வரலாறு சேர்ந்துவிடும்.

கக்கனுக்கு நானே எழுதிப் பார்த்தேன். செய்தது: 1939, வைகை, லஞ்ச ஒழிப்புத்துறை. மறுத்தது: கையருகே இருந்தும் தொடாத பணம். தவறியது: 1965. முடிக்காமல் விட்டது: சாதி.

முதல் மூன்றும் அவர் கணக்கு, எழுதி முடிக்கலாம். நாலாவது நம் கணக்கில் ஏறியிருக்கிறது. எங்கள் மலையிலும் சரி, கீழே மேலூரிலும் சரி, கோயில் வாசலில், டீக்கடை டம்ளரில், சுடுகாட்டுப் பாதையில், ஊராட்சி நாற்காலியில் அதை ஒவ்வொன்றாகத் தீர்க்க வேண்டும். வருஷா வருஷம் டிசம்பர் 23-இல் எவ்வளவு தீர்ந்தது என்று பார்க்க வேண்டும்.